இந்திய நாடாளுமன்றத்தில் உழவர் பிரதிநிதித்துவம்

உழவர் பிரதிநிதித்துவம் என்பது வேளாண்மையைச் சார்ந்து வாழும் மக்களின் நலன்களும் கோரிக்கைகளும் சட்டமன்றங்களிலும் அமைச்சரவையிலும் இடம்பெறும் முறையைக் குறிக்கும். இந்தியாவில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 83 கோடிப் பேர், அதாவது மக்கள்தொகையில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர், கிராமங்களில் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 11.9 கோடிப் பேர் நிலத்தில் பயிர் செய்வோராகவும், 14.4 கோடிப் பேர் வேளாண் கூலித் தொழிலாளர்களாகவும் கணக்கிடப்பட்டனர். மக்களவைத் தொகுதிகளில் பெரும்பாலானவை கிராமப்புற வாக்காளர்களைப் பெரும்பான்மையாகக் கொண்டவை.

ஆகவே எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உழவர்களே நாட்டின் மிகப் பெரிய அரசியல் ஆற்றலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் விளைபொருளின் விலை, கடன், பாசன நீர், ஏற்றுமதித் தடை போன்றவற்றில் முடிவெடுக்கும் இடத்தில் தங்கள் குரல் எடுபடுவதில்லை என்பதே உழவர் அமைப்புகளின் நீண்டகாலக் குறை. இந்த இடைவெளி எவ்வாறு உருவானது, அதை நிரப்ப என்னென்ன முயற்சிகள் நடந்தன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

விடுதலைக்கு முந்தைய நிலை

ஆங்கிலேயர் ஆட்சியில் வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகியவற்றின் அடிப்படையில் வழங்கப்பட்டது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் நிலக்கிழார்களுக்கெனத் தனித் தொகுதிகளை ஒதுக்கியது. 1935ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தது. நிலம் வைத்திருந்தவருக்கு அவையில் இடம் இருந்தது. அந்த நிலத்தை உழுத குத்தகைதாரருக்கும் கூலியாளுக்கும் பெரும்பாலும் வாக்கே இல்லை. 1937ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் மட்டுமே வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர்.

இந்தக் குறுகிய எல்லைக்குள்ளும் சில மாகாணங்களில் உழவர் நலனை முன்வைத்த அரசியல் வளர்ந்தது. பஞ்சாபில் 1923இல் தோன்றிய யூனியனிஸ்ட் கட்சியின் தலைவர்களில் ஒருவரான சோட்டு ராம், இந்து, முஸ்லிம், சீக்கிய உழவர்களை ஒரே அணியில் திரட்டினார். வட்டிக்கடைக்காரர்களிடமிருந்து உழவர்களைக் காக்கும் கடன் நிவாரணச் சட்டங்களும், விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கட்சியின் ஆட்சிக்காலத்தில் இயற்றப்பட்டன. சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சட்டமன்றங்களுக்கு வெளியே, 1936இல் லக்னோவில் அகில இந்திய விவசாயிகள் சங்கம் (கிசான் சபை) தொடங்கப்பட்டது. சுவாமி சகஜானந்த சரசுவதி அதன் தலைவராகவும், ஆந்திரத்தைச் சேர்ந்த என். ஜி. ரங்கா பொதுச் செயலாளராகவும் பொறுப்பேற்றனர். ஜமீன்தாரி ஒழிப்பு, கடன் தள்ளுபடி, குத்தகைப் பாதுகாப்பு ஆகியவை அதன் முதன்மைக் கோரிக்கைகள்.

அரசமைப்புச் சட்டத்தின் நிலைப்பாடு

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் தொழில் அடிப்படையிலான தனித் தொகுதிகளை மக்களவைக்கு ஏற்கவில்லை. உறுப்பு 326 வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. நிலக்கிழார் தொகுதிகள் மறைந்தன. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. தற்போது 543 தொகுதிகளில் 84 பட்டியல் சாதியினருக்கும் 47 பழங்குடியினருக்கும் உரியவை.

வயது வந்தோர் வாக்குரிமை இருக்கும்போது பெரும்பான்மையான உழவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு தேவையில்லை என்ற தருக்கத்தை இந்த ஏற்பாட்டில் காணலாம். எனினும் சில தொழிலினருக்கு அரசமைப்புச் சட்டமே தனி இடம் தந்துள்ளது. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கும் 12 உறுப்பினர்கள் இலக்கியம், அறிவியல், கலை, சமூகப் பணி ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என உறுப்பு 80 கூறுகிறது. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் பட்டதாரிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் தனித் தொகுதிகள் உண்டு. இந்தப் பட்டியல்கள் எதிலும் வேளாண்மை இல்லை.

அதிகாரப் பகிர்வும் சிக்கலானது. வேளாண்மை, நிலம், நீர் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆனால் உணவுப் பொருள் வணிகம் பொதுப் பட்டியலில் உள்ளது. குறைந்தபட்ச ஆதரவு விலை, உர மானியம், ஏற்றுமதி இறக்குமதிக் கொள்கை ஆகியவற்றை ஒன்றிய அரசே தீர்மானிக்கிறது. மாநிலங்களுக்கிடையேயான ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் ஒன்றியப் பட்டியலில் உண்டு. வயலில் நடப்பது மாநிலப் பொறுப்பாகவும், விளைந்ததன் விலையைப் பாதிக்கும் முடிவுகள் தில்லியின் பொறுப்பாகவும் பிரிந்து கிடக்கின்றன. உழவர்கள் மாநிலத் தலைநகரோடு நிற்காமல் தில்லிக்கும் சென்று போராடுவதற்கு இதுவே அடிப்படைக் காரணம். 2017இல் தமிழ்நாட்டு உழவர்கள் பயிர்க்கடன் தள்ளுபடி, வறட்சி நிவாரணம், காவிரி மேலாண்மை வாரியம் ஆகியவற்றைக் கேட்டு மண்டை ஓடுகளுடன் ஜந்தர் மந்தரில் பல வாரங்கள் போராடியது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

அவையில் உழவர்கள் எத்தனை பேர்?

முதல் மக்களவையில் வழக்குரைஞர்களே பெரும் பங்கினராக இருந்தனர். அடுத்தடுத்த தேர்தல்களில் அவர்களின் பங்கு குறைந்து, வேளாண்மையைத் தொழிலாகக் குறிப்பிடுவோரின் பங்கு உயர்ந்தது. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட 17ஆவது மக்களவையில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் வேளாண்மையைத் தங்கள் தொழில்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டிருந்தனர். வழக்குரைஞர்கள் 4 விழுக்காடு மட்டுமே.

இந்த எண்ணிக்கையைக் கவனத்துடன் படிக்க வேண்டும். தொழில் என்ற இடத்தில் உறுப்பினர் எழுதித் தருவதே பதிவாகிறது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்களைக் குறிப்பிடலாம். பரம்பரை நிலம் வைத்திருக்கும் தொழிலதிபரும், வயலில் இறங்கி உழைப்பவரும் அதே பட்டியலில் வருவர். 2015–16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் நிலக் கைப்பற்றுகளில் 86 விழுக்காடு 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. சராசரி அளவு 1.08 ஹெக்டேர். தேர்தல் செலவைத் தாங்கி மக்களவைக்குள் நுழையும் உறுப்பினர் இந்தச் சராசரி உழவரின் பொருளாதார நிலையில் இருப்பது அரிது.

உழவர் நலனை முன்வைத்த கட்சிகள்

விடுதலைக்குப் பின் உழவர் நலனை அனைத்திந்திய அரசியலின் மையத்துக்குக் கொண்டுவர முயன்றவர்களில் ரங்காவும் சரண் சிங்கும் முதன்மையானவர்கள். 1959ஆம் ஆண்டு நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றது. சிறு உழவர் தன் நிலத்தின் மீதுள்ள உரிமையை இழந்துவிடுவார் என்று கூறி இருவரும் அதை எதிர்த்தனர். ரங்கா காங்கிரசிலிருந்து விலகி, ராஜாஜி முன்னின்று தொடங்கிய சுதந்திராக் கட்சியின் முதல் தலைவரானார். அக்கட்சி 1967 தேர்தலில் 44 மக்களவை இடங்களை வென்றது. எனினும் முன்னாள் மன்னர்களும் தொழிலதிபர்களும் அதில் செல்வாக்குடன் இருந்ததால், அது உழவர் கட்சி என்ற அடையாளத்தைப் பெறவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டத்தை உருவாக்குவதில் பெரும்பங்காற்றிய சரண் சிங், 1967இல் காங்கிரசை விட்டு வெளியேறி அம்மாநில முதலமைச்சரானார். பாரதிய கிராந்தி தளம், 1974இல் பாரதிய லோக் தளம் ஆகிய கட்சிகளை உருவாக்கினார். 1977இல் ஜனதா கட்சி பாரதிய லோக் தளத்தின் ஏர் உழவர் சின்னத்திலேயே போட்டியிட்டு ஆட்சியைப் பிடித்தது. உள்துறை அமைச்சராக இருந்த சரண் சிங் 1978இல் அமைச்சரவையிலிருந்து விலக நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள், தம் பிறந்தநாளில், தில்லியில் மாபெரும் உழவர் பேரணியை நடத்தித் தம் வலிமையைக் காட்டினார். அடுத்த மாதமே துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் அமைச்சரவைக்குத் திரும்பினார். அவர் அளித்த 1979ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை கிராமத்துக்குச் சார்பானது என்று பேசப்பட்டது.

1979 சூலை 28இல் அவர் பிரதமரானார். ஆனால் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டதால், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ஆகஸ்ட் 20இல் பதவி விலகினார். புதிய அரசு அமையும் வரை, 1980 சனவரி 14 வரை, இடைக்காலப் பிரதமராகத் தொடர்ந்தார். அவர் பிறந்த டிசம்பர் 23 இந்தியாவில் தேசிய உழவர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

சரண் சிங்கின் வழியில் வந்த அரியானாவின் தேவி லால், 1989 டிசம்பரில் துணைப் பிரதமராகவும் வேளாண் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். அந்த அரசு 1990இல் 10,000 ரூபாய் வரையிலான வேளாண் கடன்களுக்கு நிவாரணம் அளித்தது. அதன்பின் வட இந்திய அரசியல் சாதி, மதம் ஆகிய அடையாளங்களை மையமாகக் கொண்டு பிரிந்தது. உழவர் என்ற பொது அடையாளத்தில் திரண்டிருந்த வாக்குகளும் சிதறின.

உழவர் கட்சியைச் சாராத ஒருவரும் வேளாண் கொள்கையை மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டின் சி. சுப்பிரமணியம் சான்று. 1964 முதல் 1967 வரை உணவு, வேளாண் அமைச்சராக இருந்த அவர் காலத்தில் வேளாண் விலை ஆணையமும் இந்திய உணவுக் கழகமும் அமைந்தன. 1966இல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதி செய்யப்பட்டது. பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட அவர், 1967 தேர்தலில் தோற்றார். வேளாண் கொள்கையின் வெற்றி தேர்தல் வெற்றியாக மாறும் என்ற உறுதி இல்லை.

கட்சி சாராத உழவர் இயக்கங்கள்

1970களிலும் 1980களிலும் கட்சிகளுக்கு வெளியே வலிமையான உழவர் இயக்கங்கள் எழுந்தன. கோவைப் பகுதியில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையிலான தமிழக விவசாயிகள் சங்கம் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியது. 1972இல் உழவர்கள் மாட்டு வண்டிகளைக் கோவை நகரச் சாலைகளில் கொண்டுவந்து நிறுத்தினர். மகாராட்டிரத்தில் சரத் ஜோஷி தொடங்கிய சேத்காரி சங்கதனா, வெங்காயம், கரும்பு ஆகியவற்றுக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டது. நகரத்து "இந்தியா", கிராமத்து "பாரதம்" என நாடு இரண்டாகப் பிளவுபட்டிருக்கிறது என்பது அவர் முன்வைத்த கருத்து. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மகேந்திர சிங் திகாயத் தலைமையிலான பாரதிய கிசான் யூனியன், 1988 அக்டோபரில் தில்லி போட் கிளப் திடலை ஒரு வாரம் தன் பிடியில் வைத்திருந்தது.

இவ்வியக்கங்கள் அரசுகளைப் பணிய வைத்தன. தமிழ்நாட்டில் பாசனப் பம்பு செட்டுகளுக்கு இலவச மின்சாரம் வந்ததற்கு விவசாயிகள் சங்கத்தின் போராட்டங்கள் முக்கியக் காரணம். ஆனால் அதே இயக்கங்கள் தேர்தலில் நின்றபோது மக்கள் அவ்வளவாக ஆதரிக்கவில்லை. நாராயணசாமி நாயுடு 1980களின் தொடக்கத்தில் தொடங்கிய கட்சி பெரிய வெற்றி பெறவில்லை. சரத் ஜோஷி 1994இல் கட்சி தொடங்கினார். 2004இல் மாநிலங்களவை வழியாகவே நாடாளுமன்றத்துக்குச் சென்றார். கரும்பு உழவர்களின் தலைவரான ராஜு செட்டி 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் ஹாத்கணங்கலே தொகுதியில் வென்றது ஒரு விதிவிலக்கு.

இதற்கான காரணம் வாக்காளரின் பல்வேறு அடையாளங்களில் உள்ளது. மின்கட்டணத்துக்காகப் போராடும்போது ஒருவர் உழவராக நிற்கிறார். வாக்குச்சாவடியில் அவர் ஒரு சாதியினராகவும், ஒரு மொழியினராகவும், ஒரு கட்சியின் தொண்டராகவும் இருக்கிறார். நெல் உழவரின் கோரிக்கையும் தென்னை உழவரின் கோரிக்கையும் ஒன்றல்ல. விளைபொருளை விற்பவர் விலை உயர வேண்டும் என்கிறார்; அரிசியைக் கடையில் வாங்கும் கூலித் தொழிலாளி விலை குறைய வேண்டும் என்கிறார்.

உறுப்பினரின் அதிகார எல்லை

உழவர் நலனில் அக்கறை கொண்ட ஒருவர் நாடாளுமன்றத்துக்குள் வந்துவிட்டாலும் அவரது செயற்பாட்டுக்கு எல்லைகள் உள்ளன.

கட்சிக் கொறடாவின் உத்தரவு முதல் எல்லை. 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசமைப்புத் திருத்தம் கட்சித் தாவலைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது. அதன்படி, கட்சியின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியிழக்க நேரிடும். தம் தொகுதி உழவர்கள் எதிர்க்கும் மசோதாவாக இருந்தாலும், கட்சி ஆதரிக்கச் சொன்னால் ஆதரிக்க வேண்டும் என்பதே இதன் விளைவு.

தனிநபர் மசோதா இரண்டாவது வழி. ஆனால் விடுதலைக்குப் பின் அவ்வாறு சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். உழவர் அமைப்புகள் கூடி வடிவமைத்த இரு மசோதாக்களை ராஜு செட்டி 2018இல் மக்களவையில் முன்வைத்தார். ஒன்று கடனிலிருந்து விடுதலை பற்றியது, மற்றொன்று கட்டுப்படியாகும் விலைக்கான உறுதி பற்றியது. இரண்டும் சட்டமாகவில்லை.

வேளாண்மைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு மூன்றாவது வழி. இரு அவைகளின் உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி அமர்ந்து மசோதாக்களையும் மானியக் கோரிக்கைகளையும் ஆராயும் இடம் அது. 2024 டிசம்பரில் அக்குழு குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உறுதி தேவை எனப் பரிந்துரைத்தது. பரிந்துரைகளை அரசு ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விலையைப் பரிந்துரைக்கும் வேளாண் செலவு, விலை ஆணையத்தில் உழவர் சமூகத்தின் சார்பில் அலுவல் சாரா உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. அதுவும் ஆலோசனை அமைப்பே. இறுதி முடிவு ஒன்றிய அமைச்சரவையுடையது. எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய உழவர் ஆணையம் (2004–2006), உற்பத்திச் செலவைவிடக் குறைந்தது 50 விழுக்காடு கூடுதலாக ஆதரவு விலை இருக்க வேண்டும் என்றது. உற்பத்திச் செலவில் நிலவாடகையையும் முதலீட்டு வட்டியையும் சேர்ப்பதா என்ற கேள்வியில் அரசுக்கும் உழவர் அமைப்புகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

2020–2021 வேளாண் சட்டங்கள்

இந்த எல்லைகள் அனைத்தும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்வு மூன்று வேளாண் சட்டங்களின் வரலாறு. 2020 சூனில் அவை அவசரச் சட்டங்களாக வந்தன. செப்டம்பரில் மசோதாக்களாக வந்தபோது நிலைக்குழுவுக்கோ தெரிவுக்குழுவுக்கோ அனுப்பப்படவில்லை. செப்டம்பர் 17இல் ஒன்றிய அமைச்சர் ஹர்சிம்ரத் கௌர் பாதல் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். செப்டம்பர் 20இல் மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் எண்ணி வாக்கெடுக்கக் கோரியும், குரல் வாக்கெடுப்பில் இரு மசோதாக்கள் நிறைவேறின. வேளாண்மையைத் தொழிலாக எழுதிய உறுப்பினர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இருந்த மக்களவையின் காலத்தில் இது நடந்தது.

2020 நவம்பர் 26 முதல் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேச உழவர்கள் தில்லியின் எல்லைகளான சிங்கு, திக்ரி, காசிப்பூர் ஆகிய இடங்களில் முகாமிட்டனர். 2021 சனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்தது. 2021 நவம்பர் 19இல் அவை திரும்பப் பெறப்படும் எனப் பிரதமர் அறிவித்தார். நவம்பர் 29இல் இரு அவைகளும் விவாதமின்றி அவற்றை நீக்கின. சட்டங்களை ஆதரித்தவர்கள், சந்தைக்கு வெளியே விற்கும் உரிமை உழவர்களுக்குக் கிடைத்திருக்கும் என்றனர். எதிர்த்தவர்கள், அரசு கொள்முதல் தேய்ந்து பெருநிறுவனங்களின் பிடியில் சிக்க நேரும் என்றனர். இவ்விரு வாதங்களும் எதிரெதிரே வைத்து ஆராயப்பட்டிருக்க வேண்டிய இடம் நாடாளுமன்றக் குழு. அங்கே நடக்காத விவாதம் ஓராண்டுக் காலம் நெடுஞ்சாலைகளில் நடந்தது.

இயக்கத்தின் தேர்தல் பயணம் பழைய பாதையிலேயே சென்றது. போராட்டத்தில் பங்கேற்ற சங்கங்களில் ஒரு பகுதி 2022 பஞ்சாப் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டு ஓர் இடமும் பெறவில்லை. ஆனால் 2024 மக்களவைத் தேர்தலில் அகில இந்திய விவசாயிகள் சங்கத்தின் அம்ரா ராம் இராசத்தானின் சீகரிலும், அகில இந்திய கிசான் மகாசபையின் ராஜாராம் சிங் பீகாரின் காராகாட்டிலும் இடதுசாரிக் கட்சிகளின் சார்பில் வென்றனர்.

விடுபட்டவர்கள்

உழவர் பிரதிநிதித்துவம் என்ற பேச்சில் நிலம் வைத்திருப்போரே பெரும்பாலும் முன்னிற்கின்றனர். எண்ணிக்கையில் அவர்களைவிட மிகுந்த கூலித் தொழிலாளர்களின் கோரிக்கைகளான கூலி, வேலை நாள், வீட்டுமனை ஆகியவை விலைக் கோரிக்கைக்குப் பின்னால் தள்ளப்படுகின்றன. இவர்களில் பட்டியல் சாதியினர் கணிசமானவர்கள். தனித் தொகுதி உறுப்பினர்கள் இவர்களின் குரலாக அமையலாம். ஆனால் அவர்களும் கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்களே.

வாய்மொழிக் குத்தகையில் பயிர் செய்வோர் பெயர் நில ஆவணங்களில் இருப்பதில்லை. அதனால் கடன், காப்பீடு, இழப்பீடு ஆகியவற்றுடன் "உழவர்" என்ற அடையாளமும் அவர்களுக்குக் கைகூடுவதில்லை. நடவு, களை, அறுவடை எனப் பெரும்பகுதி உழைப்பைத் தரும் பெண்களின் நிலையும் இதுவே. 2015–16 கணக்கெடுப்பில் பெண்கள் பெயரில் இருந்த கைப்பற்றுகள் ஏறத்தாழ 14 விழுக்காடு மட்டுமே.

பிற நாடுகளில்

அயர்லாந்தின் மேலவையில் வேளாண் குழுமத்துக்கு 11 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. எனினும் வாக்களிப்போர் உழவர்கள் அல்லர், நாடாளுமன்ற, உள்ளாட்சி உறுப்பினர்களே. எனவே கட்சிச் சார்பே மேலோங்குகிறது. ஆத்திரேலியாவில் 1920இல் உருவான நாட்டுப்புறக் கட்சி (இன்றைய தேசியக் கட்சி) வேறு வழியில் சென்றது. அது ஒருபோதும் தனித்துப் பெரும்பான்மை பெற்றதில்லை. ஆனால் 1923 முதல் நகரம் சார்ந்த வலதுசாரிக் கட்சியுடன் கூட்டணி அமைத்து, வணிகம், வேளாண்மை போன்ற துறைகளைப் பலமுறை கைப்பற்றியது. சில பகுதிகளில் குவிந்த வாக்குகளும், வாக்காளர் வேட்பாளர்களை வரிசைப்படுத்தும் தேர்தல் முறையும் அதற்கு உதவின. இந்தியாவில் உழவர் வாக்கு நாடெங்கும் பரவி, பல மாநிலக் கட்சிகளிடையே பிரிந்திருப்பதால் அத்தகைய கட்சி நிலைபெறவில்லை.

தொகுதி மறுவரையறையும் எதிர்காலமும்

மாநிலங்களுக்கான மக்களவை இடங்களின் எண்ணிக்கை 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டின் 84ஆவது திருத்தம் அந்நிலையை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. மறுவரையறை பற்றிய விவாதம் பெரும்பாலும் வட, தென் மாநிலங்களுக்கிடையிலான இடப் பங்கீட்டைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் நகரம், கிராமம் ஆகியவற்றின் பங்கையும் அது மாற்றும். 2011இலேயே தமிழ்நாட்டு மக்களில் 48 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். மக்கள்தொகைக்கு ஏற்பத் தொகுதிகள் வரையப்படும்போது, மக்கள் வெளியேறும் வறண்ட மாவட்டங்களின் தொகுதிகள் பரப்பில் விரியும். நகரங்களைச் சூழ்ந்த தொகுதிகள் பெருகும்.

எண்ணிக்கை வலிமை குறையும் காலத்தில் அமைப்பு முறையிலான வழிகளே உழவர்களுக்குத் துணையாக முடியும். வேளாண் மசோதாக்களைக் கட்டாயமாக நிலைக்குழுவுக்கு அனுப்புதல், ஆட்சியின் நிலைப்பைப் பாதிக்காத வாக்கெடுப்புகளில் கொறடா உத்தரவைத் தளர்த்துதல், ஆலோசனை ஆணையங்களில் குத்தகைதாரருக்கும் கூலித் தொழிலாளருக்கும் பெண் உழவருக்கும் இடமளித்தல் ஆகியவை விவாதத்தில் உள்ள சீர்திருத்தங்கள். 1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டபோது, அவற்றில் முதலாவதாக வேளாண்மையையே குறித்தது. அதற்குரிய நிதியையும் அதிகாரத்தையும் ஊராட்சிகளுக்கு எந்த அளவுக்கு வழங்குவது என்பது இன்றும் மாநில அரசுகளின் கையில் உள்ளது.